பேர், அரைப்பேர், பேரில்லாத குழி: சி. வி. வேலுப்பிள்ளையின் தேயிலைக் கவிதையை எவ்வாறு வாசிப்பது?

பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் பற்றிய செய்தி வெளிவரும்போதெல்லாம், தேயிலைச் செடியின் அடியில் புழுதியோடு புழுதியாகக் கிடக்கும் முன்னோரைப் பற்றி மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை எழுதிய ‘தேயிலைத் தோட்டத்திலே’ கவிதையின் வரிகளும் கூடவே வந்துவிடுகின்றன. மேடைப் பேச்சிலும் பாடசாலைக் கட்டுரையிலும் கைபேசியில் பகிரப்படும் படங்களிலும் அவை தனித்தனி வரிகளாகவே நடமாடுகின்றன. கொழும்பில் பிறந்து வளர்ந்த இளம் வாசகர்கள், தாத்தாவோ பாட்டியோ மலையகத்திலிருந்து வந்தவர்களாக இருந்தாலும், இவ்வரிகளைப் படித்துவிட்டுச் சில கேள்விகளில் தடுமாறுவது இயல்பே. இக்கவிதை தமிழில் எழுதப்பட்டதா, ஆங்கிலத்திலா? விடியற்காலையில் தப்பு என்னும் பறை ஏன் அதிர்கிறது? இறந்தவர்களுக்குக் குழியே இல்லை என்பது கவிஞரின் மிகையா, நடந்த உண்மையா? இவற்றுக்கும் இன்றைய 1,350, 1,550, 1,750 ரூபாய் என்ற நாட்சம்பள எண்களுக்கும் என்ன உறவு?

இக்கேள்விகளுக்கு விடை காண்பதற்குக் கவிநயம் பற்றிய பேச்சு அதிகம் உதவாது. தோட்டத்தில் ஒரு நாள் வேலை எவ்வாறு எண்ணப்பட்டது, எண்ணப்பட்டது எந்தப் பதிவேட்டில் ஏறியது, எது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை என்பதிலிருந்து தொடங்குவதே நேர்வழி.

கவிஞர் யார்

சி. வி. வேலுப்பிள்ளை 1914ஆம் ஆண்டு வட்டகொடைக்கு அண்மையிலுள்ள மடகொம்பரைத் தோட்டத்தில், தொழிலாளரைத் திரட்டி வந்து மேற்பார்த்த பெரிய கங்காணிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டின் காம்பராவில் பிறந்து கூடை சுமந்தவர் அல்லர். தோட்டத்து வரிசைமுறையில் லயத்துக்கு மேலேயும் தோட்ட அதிகாரியான துரையின் பங்களாவுக்குக் கீழேயும் இருந்த ஒரு படியில் வளர்ந்து, ஆங்கிலக் கல்வி பெற்றவர். இந்த இடைப்பட்ட நிலையை மனத்தில் இருத்திக்கொள்வது அவசியம். அவருடைய எழுத்தின் வலிமையும் எல்லையும் இங்கிருந்தே வருகின்றன.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வேட்பாளராகத் தலவாக்கலைத் தொகுதியில் போட்டியிட்டுப் பாராளுமன்றம் சென்றார். அடுத்த தேர்தலுக்குள் அவருக்கு வாக்களித்த மக்களின் வாக்குரிமையே பறிக்கப்பட்டுவிட்டது. பின்னர் தொழிற்சங்கப் பணியே அவருடைய முழுநேர வாழ்க்கையாயிற்று, வி. கே. வெள்ளையன் தொடங்கிய தொழிலாளர் தேசிய சங்கத்தில் முன்னணியில் நின்றார். 1984இல் காலமாகும் வரை கவிதை, நாவல், தோட்டத்து மனிதர்களைப் பற்றிய உரைநடைச் சித்திரங்கள், நாட்டார் பாடல் தொகுப்பு எனத் தொடர்ந்து எழுதினார்.

எந்த மொழி, யாருக்காக

புகழ்பெற்ற அந்த நெடுங்கவிதை முதலில் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது. ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்ற தலைப்பில் 1950களின் முற்பகுதியில் அது நூலாயிற்று. பிற்காலத்தில் கவிஞர் சக்தீ பால ஐயா அதைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கினார். இன்று தமிழர் நாவில் நிற்பது பெரும்பாலும் பால ஐயாவின் வடிவமே. எனவே ‘சி. வி.யின் வரிகள்’ என்று பகிரப்படுபவை இரண்டு கவிஞர்களின் உழைப்பு. ஒருவர் பெயரை மட்டும் போட்டுப் பகிர்வது நியாயமன்று.

ஆங்கிலத்தில் எழுதியதைக் காலனித்துவ மோகம் என்று தள்ளிவிடுவோரும் உள்ளனர். அது அவசரத் தீர்ப்பு. அக்காலத்தில் தோட்டம் பற்றிய முடிவுகள் எல்லாம் ஆங்கிலத்தில் எடுக்கப்பட்டன: துரையின் கடிதம், கம்பெனியின் ஆண்டறிக்கை, தொழில் ஆணையாளரின் கோவை, பாராளுமன்ற விவாதம் ஆகிய எல்லாமே. தேயிலை பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றில் மண்ணும் மழையும் விலையும் இருந்தன. கொழுந்தெடுத்தவர் ‘லேபர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போனார். அந்த மொழிக்குள்ளேயே சென்று அந்தச் சொல்லை உடைப்பதுதான் கவிஞரின் நோக்கம் என்று கொண்டால், மொழித் தேர்வு விளங்கிவிடுகிறது. கவிதையின் வாசகர் லயத்தில் இல்லை. கொழும்பிலும் இலண்டனிலும் கோப்பையோடு அமர்ந்திருந்தார்.

ஆனால் இத்தேர்வுக்கு ஒரு விலையும் உண்டு. தோட்டத் தமிழில் மட்டுமே உயிர்ப்புள்ள சில சொற்கள் ஆங்கிலத்துக்குள் நுழையவே முடியாது. அவற்றுள் முதன்மையானது ‘பேர்’. அதற்கு வருவதற்கு முன் வேலை நாளின் ஒழுங்கைப் பார்க்க வேண்டும்.

ஒரு வேலை நாளின் ஐந்து படிகள்

1. தப்பு. மணிக்கூடு இல்லாத லயத்தில் விடியலை அறிவித்தது தப்பு என்னும் தோற்கருவி. இதைப் பிரட்டுத் தப்பு என்பர். சி. வி.யின் கவிதை இந்த ஒலியோடுதான் தொடங்குகிறது: தப்பின் அதிர்வில் விடியல் திடுக்கிட்டு, தேயிலையின் மேல் நடுங்கிக் கிடக்கிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் சாவு வீட்டுக்கும் அடிக்கப்படுவதும் இதே தப்புதான். கொண்டாட்டமும் துக்கமும் பேசிய கருவியை நிர்வாகம் வேலைக்கு அழைக்கும் கருவியாக்கிக்கொண்டது. விடியல் நடுங்குவதை வெறும் கற்பனையாகக் கொள்ளாமல் இப்பின்னணியோடு படித்தால், தப்பொலி கேட்ட கணத்தில் அது எதற்கான அடி என்று தெரியாமல் திகைக்கும் மனமும் அதற்குள் இருப்பது புலப்படும்.

2. பிரட்டு. ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் தோட்டத் திரிபு. தொழிலாளர் பிரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க, யார் எந்த மலைக்கு, என்ன வேலைக்கு என்று பிரித்து அனுப்புவர். ‘மலை’ என்பது இங்கே இலக்கமிடப்பட்ட தேயிலைப் பாத்தி. பிந்தி வந்தவரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் இருந்தது. அன்றைய பிழைப்பு அத்தோடு முடிந்தது.

3. நிரை. மலைக்குப் போனதும் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை ஒதுக்கப்படும். பெண்கள் இடுப்பில் படங்கை (முரட்டுத் துணியை)ச் சுற்றிக்கொண்டு, தலையில் கூடைக் கயிற்றைத் தாங்கிக் கொழுந்தெடுப்பர். ஆண்களுக்குக் கவ்வாத்து (செடியை வெட்டிவிடல்), கான் வெட்டு (வடிகால் வெட்டல்), முள்ளுக்குத்து (முள்ளால் மண் கிளறல்), உரம் போடுதல் போன்ற வேலைகள். கைக்குழந்தைகள் பிள்ளைக் காம்பரா என்னும் குழந்தைகள் காப்பகத்தில் விடப்படும்.

4. நிறுவை. கொழுந்து மடுவம் என்னும் நிறுவைக் கொட்டகையில் கூடை தராசில் ஏறும். அன்று இறாத்தல், இன்று கிலோ. ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிவு என்று நிறையில் ஒரு பகுதி குறைக்கப்படும். கரட்டு இலை (முற்றிய இலை) கலந்திருந்தால் ஏச்சும் உண்டு, குறைப்பும் உண்டு. தோட்டத்தில் மிக அதிகமான வாய்ச்சண்டைகள் நடக்கும் இடம் இதுதான்.

5. செக்ரோல். நாளின் முடிவில் அனைத்தும் ஒரு பதிவேட்டில் ஒரு குறியாகச் சுருங்கும். அந்தக் குறிதான் மாத முடிவில் சம்பளமாக மாறும்.

‘பேர்’ என்றால் என்ன

தோட்டத் தமிழில் ‘பேர்’ என்பது ஆளின் பெயரை மட்டும் குறிப்பதன்று. ஒரு நாள் சம்பளத்துக்கும் அதுவே பெயர். செக்ரோலில் ஒருவருடைய பெயருக்கு நேரே அன்றைய வேலை குறிக்கப்பட்டால் அவருக்குப் ‘பேர் போட்டாயிற்று’. நிர்ணயிக்கப்பட்ட நிறையை எடுக்கத் தவறினால் ‘அரைப்பேர்’. எடுத்துக்காட்டாக, அன்றைய நிர்ணயம் 18 கிலோ என்றும் ஒரு பெண் காலை முதல் மாலை வரை நின்று எடுத்தது கழிவு போக 15 கிலோ என்றும் கொள்வோம். அவர் நின்ற நேரம் முழு நாள். விழுந்த பேர் பாதி. நிர்ணயம் தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறக்கூடியது. செடி பராமரிக்கப்படாமல் காடாகிப் போன மலையில் கொழுந்து குறைவாக இருந்தால், அதன் நட்டமும் கொழுந்தெடுப்பவரின் பேரிலேயே விழும்.

ஒரு மனிதரின் பெயரும் அவருடைய கூலியும் ஒரே சொல்லாக இருப்பது தற்செயலான மொழி வழக்காகத் தோன்றலாம். ஆயினும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் தோட்ட நிர்வாகத்தின் முழுத் தத்துவமும் அடங்கியிருக்கிறது: வேலை செய்த அளவுக்கே ஒருவருக்குப் பெயர் உண்டு, குறைந்தால் அவர் அரை ஆள்.

கங்காணியின் வருமானமும் இந்த எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருந்தது. தன் பற்றிலுள்ள ஆட்கள் வேலைக்கு வந்த கணக்குப்படி அவருக்குப் ‘பென்ஸ் காசு’ கிடைத்தது. ஆகவே காய்ச்சலில் படுத்தவரை எழுப்பி மலைக்கு அனுப்புவதில் கங்காணிக்குச் சொந்த இலாபம் இருந்தது. இன்னும் முந்திய காலத்தில் ‘துண்டு’ என்ற ஒரு தாள் இருந்தது. தொழிலாளியின் கடன் தொகையை எழுதிய அத்தாளோடு அவர் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றப்பட்டார். புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொண்டது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1927இன் சட்டம் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்க வழிவகுத்தது. சி. வி. வளர்ந்தது துண்டு சட்டத்தில் ஒழிந்து, பேச்சில் ஒழியாதிருந்த காலத்தில்.

குழி இல்லை என்பது மிகையா

கவிதையின் மிக அதிகமாக எடுத்தாளப்படும் பகுதி இறந்தவர்களைப் பற்றியது. அதன் சாரம் இது: அவர்கள் தேயிலையின் கீழே புழுதிக்குள் புழுதியாகக் கிடக்கிறார்கள், அவர்களுடைய மேட்டில் ஒரு காட்டுப் பூவும் நினைவுக்கென்று இல்லை, எந்த மனிதன் அவர்களுக்குக் குழி தந்தான்? கடவுள்தான் தன் கருணையால் புல்லைப் போர்த்தினார்.

இதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், ‘தோட்டத்தில் புதைகுழியே இல்லையா?’ என்ற கேள்வி எழும். இருந்தது, தோட்டங்களுக்குப் புதைகாடு இருந்தது, சடங்கும் இருந்தது. கவிஞர் பேசுவது குழி தோண்டப்பட்டதைப் பற்றியல்ல, அது அடையாளமாக நின்றதைப் பற்றி. இதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, வழி. 19ஆம் நூற்றாண்டில், கோப்பிக் காலத்தில், தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடு வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகவே சென்றனர். தண்ணீரில்லாமையும் பேதியும் கொள்ளைநோயும் வழியிலேயே பலரைக் கொண்டன. எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் உடன்படவில்லை. இந்த முரண்பாட்டுக்கு ஆய்வாளர்களின் கருத்து வேறுபாட்டை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. வந்தவர்களை எண்ணிய அளவுக்கு இறந்தவர்களை எவரும் எண்ணிவைக்கவில்லை. நடந்து சென்றவரின் சாவு எந்தத் தோட்டத்தின் செக்ரோலிலும் இல்லை, ஏனெனில் அவர் இன்னும் எந்தத் தோட்டத்துக்கும் வந்து சேரவில்லை.

இரண்டாவது, நிலம். லயம் கம்பெனியுடையது, புதைகாடும் கம்பெனியுடையது. சொந்த நிலம் இல்லாதவர் எழுப்பும் நடுகல் எவ்வளவு காலம் நிற்கும்? 1869இல் கோப்பிச் செடியைத் தாக்கிய இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பித் தொழிலையே அழிக்க, அதே சரிவுகளில் தேயிலை நடப்பட்டது. லூல்கந்துரைத் தோட்டத்தில் ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெயிலர் 1867இல் தொடங்கிவைத்த பயிர் இது. மண் புரட்டப்பட்டு, கான் வெட்டப்பட்டு, செடி மாற்றப்பட்டபோது பழைய மேடுகள் என்னவாயின என்று கேட்க எவருக்கும் உரிமை இருக்கவில்லை. ‘தேயிலையின் கீழே’ என்ற சொல் இங்கே உவமை அன்று, இடக்குறிப்பு.

மூன்றாவது, எழுத்து. நாட்டார் பாடல்கள் இந்த இழப்பை நினைவில் வைத்திருந்தன. சி. வி. தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களைப் படிப்பவர் இதை உணர்வர். கோப்பிக் கன்று நட்ட மலை ஒன்றைத் தொலைவிலிருந்து சுட்டிக்காட்டி, அண்ணனை இழந்த மலை அதுதான் என்று சொல்லும் பாடல் மலையகத்தில் எல்லோரும் அறிந்தது. அதில் அண்ணனின் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. மலை மட்டும் இருக்கிறது. குழியே கல்லாக நிற்காத இடத்தில் மலை முழுவதும் கல்லறையாகிறது. சி. வி.யின் ஆங்கில வரிக்குப் பின்னால் இந்தத் தமிழ்ப் பாடலின் பார்வைதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

இன்னொரு பதிவேடு: வாக்காளர் இடாப்பு

கவிதை வெளிவந்த காலத்தை அரசியலோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் சினம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். நிகழ்ந்தவற்றை வரிசையாகக் குறிக்கலாம்.

1. 1947: தோட்டத் தொழிலாளர் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். சி. வி.யும் அவர்களுள் ஒருவர்.

2. 1948: 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிரூபிக்குமாறு கேட்டது. பெரும்பாலான தோட்டத் தொழிலாளரால் அது இயலவில்லை.

3. 1949: இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் விண்ணப்ப வழி ஒன்றைத் திறந்தது. திருமணமானவருக்கு 7 ஆண்டுகளும் ஏனையோருக்கு 10 ஆண்டுகளும் தொடர்ச்சியான வதிவு காட்டப்பட வேண்டும். 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன; ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிட்டியது. அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது.

4. 1952: தோட்டத் தொழிலாளர் வாக்கு இல்லாமலே பொதுத் தேர்தல் நடந்தது. இலங்கை இந்தியன் காங்கிரஸ் கொழும்பில் பல மாதங்கள் சத்தியாக்கிரகம் நடத்தியது.

5. 1964: சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது, எஞ்சிய 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்து இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

மனிதர்கள் எண்களாகப் பங்கிடப்பட்ட அந்த ஒப்பந்தம் கவிதைக்குப் பிந்தியது. அதைக் கவிதை முன்னுணர்ந்தது என்று கூறுவது மிகை. ஆனால் 1948–49இன் அனுபவம் கவிதையில் இருக்கிறது. இறந்தவர் தேயிலையின் கீழே கிடப்பதைச் சொல்வது இரங்கல் மட்டுமன்று, வாதமும்கூட. வதிவுக்கு எழுத்துச் சான்று கேட்ட அரசுக்குக் கவிஞர் காட்டும் சான்று மண்ணுக்கு அடியில் இருக்கிறது. பாட்டன் எங்கே பிறந்தான் என்று சட்டம் கேட்டது. பாட்டன் எங்கே மக்கினான் என்று கவிதை பதில் சொன்னது. பாராளுமன்றத்தில் தோற்றுப்போன வழக்கைக் கவிதையில் அவர் மீண்டும் எடுத்துவைத்தார் என்றே இதை வாசிக்கத் தோன்றுகிறது.

கொழும்பில் தேயிலைக்கு உள்ள பெயர்

கொழும்பு வாசகருக்கு இக்கவிதை தொலைவான மலையின் கதையாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம், தேயிலை இந்நகருக்கு வந்து சேரும்போது அதன்மேல் வேலையின் தடம் எதுவும் இருப்பதில்லை. 1883 ஜூலை 30இல் கொழும்பில் முதலாவது பகிரங்கத் தேயிலை ஏலம் நடந்தது. வாராவாரம் நடந்துவரும் இந்த ஏலம், 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தின்போது இணையவழிக்கு மாறியது.

ஏலப் பட்டியலில் ஒவ்வொரு தொகுதிக்கும் தோட்டத்தின் மார்க் (விற்பனைப் பெயர்), தரம், நிறை எல்லாம் உண்டு. பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். என்ற தரங்களின் கீழே ‘டஸ்ட்’ என்றும் ஒரு தரம் இருக்கிறது. புழுதிக்கும் ஒரு தரம், ஒரு விலை, ஓர் இலக்கம். சி. வி. ஆங்கிலத்தில் இறந்தோரைக் குறிக்கப் பயன்படுத்திய சொல்லும் இதே ‘டஸ்ட்’தான். அவர் இந்த வணிகச் சொல்லை எண்ணித்தான் எழுதினார் என்று அடித்துச் சொல்ல இயலாது. அது முதலில் விவிலிய மரபின் ‘மண்ணுக்கு மண்’ என்ற எதிரொலியாகவே ஆங்கில வாசகருக்குக் கேட்டிருக்கும். ஆயினும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அந்தச் சொல்லின் தொழிற்சாலைப் பொருளை அறியாதிருக்க வாய்ப்பில்லை. தமிழில் ‘புழுதி’ என்று வந்தவுடன் இந்த இரட்டைப் பொருள் உதிர்ந்துவிடுகிறது. இது மொழிபெயர்ப்பாளரின் குறை அன்று. ‘பேர்’ ஆங்கிலத்துக்குப் போகாதது போலவே ‘டஸ்ட்’ தமிழுக்கு வரவில்லை.

கவிதை சொல்லாமல் விட்டவை

போற்றுதலுக்கு நடுவே சில குறைகளையும் சொல்லியாக வேண்டும்.

கவிஞர் இறந்தவர்களை ‘என் மக்கள்’ என்கிறார். ஆங்கில மூலத்தில் அது ஆண்களைக் குறிக்கும் சொல்லாகவே நிற்கிறது. காட்டை வெட்டியவர்களும் கல்லை உடைத்தவர்களும் பெரும்பாலும் ஆண்கள் என்பது உண்மையே. ஆனால் தேயிலை என்று வந்த பிறகு, தொழிலின் முதுகெலும்பு பெண்கள். காலையில் எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளையைக் காம்பராவில் விட்டு, மலையேறி, மாலையில் திரும்பி மீண்டும் அடுப்பு மூட்டும் பெண்ணின் இரண்டாவது வேலை நாளுக்குச் செக்ரோலிலும் இடமில்லை, நெடுங்கவிதையின் உயர்ந்த தொனியிலும் அது முழுமையாக இறங்கவில்லை. அதைக் கேட்க விரும்புவோர் அவர் தொகுத்த நாட்டார் பாடல்களுக்கே செல்ல வேண்டும். தாலாட்டும் ஒப்பாரியும் கங்காணியை நையாண்டி செய்யும் பாடல்களும் அங்கே பெண்குரலில் ஒலிக்கின்றன. கவிஞர் சி. வி.யைவிடத் தொகுப்பாளர் சி. வி. சில இடங்களில் பெரியவர் என்பது என் துணிபு.

கங்காணியின் பங்கு இன்னொன்று. கவிதையின் சினம் பெரும்பாலும் துரைத்தனத்தையும் மறந்துபோன நாட்டையும் நோக்கியது. பற்றுவரவையும் சாதியையும் உறவையும் ஒரே கயிறாகத் திரித்து ஆட்களைக் கட்டிய பெரிய கங்காணியின் கணக்குப் புத்தகத்தைக் கவிஞர் நெருக்கமாகவே அறிந்திருக்க வேண்டும். அந்தப் புத்தகத்தை அவர் முழுமையாகத் திறந்து காட்டினாரா என்ற கேள்வியை வாசகர் கேட்பதில் பிழையில்லை. ஆனால் தான் பிறந்த படியிலிருந்து இறங்கித் தொழிற்சங்கத்தில் வாழ்நாளைச் செலவிட்டவர் என்பதையும் அதே தராசில் வைத்தே நிறுக்க வேண்டும்.

சம்பளச் செய்தியை இதனோடு வைத்துப் படித்தல்

செய்திகளில் வரும் சம்பளத் தொகை ஒரே எண்ணாகத் தோன்றினாலும் உண்மையில் அது பல துண்டுகளின் கூட்டுத்தொகை.

1. தோட்டக் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட 2016இன் கூட்டு ஒப்பந்தத்தில் 730 ரூபாய் என்று பேசப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 500. வேலைக்கு வரும் வரவுக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140, விலைப் பங்குக்கு 30. நிர்ணய நிறை எடுக்காதவருக்கோ போதிய நாட்கள் வராதவருக்கோ 730 என்பது காகிதத்தில் மட்டுமே.

2. 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக வந்த 1,000 ரூபாயில் 900 அடிப்படை, 100 வரவு செலவுத் திட்டக் கொடுப்பனவு. கூட்டு ஒப்பந்த முறை இதோடு குலைந்தது.

3. 2024இல் 1,700 என்று எழுந்த கோரிக்கை, நீதிமன்றத்தையும் வர்த்தமானிகளையும் கடந்து, 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளமாக முடிந்தது. மேலதிகம், கூடுதலாக எடுக்கும் கொழுந்தோடு பிணைக்கப்பட்டது.

4. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், அடிப்படையை 1,550 ஆக்கவும் நாளொன்றுக்கு 200 ரூபாய் வரவுக் கொடுப்பனவை அரசே வழங்கவும் முன்மொழியப்பட்டது. 1,750 என்று தலைப்புச் செய்திகளில் வருவது இவ்விரண்டின் கூட்டுத்தொகை.

கூட்டுத்தொகையை விடுத்துப் பகுதிகளைப் பார்த்தால், 2021 நீங்கலாக ஏனைய மூன்றிலும் ஒரே அமைப்பு தெரிகிறது. ஒரு பகுதி ஆளுக்கு உரியது. இன்னொரு பகுதி அவர் வந்தாரா, எவ்வளவு எடுத்தார் என்பதற்கு உரியது. பேரும் அரைப்பேரும் புதிய சொற்களில் தொடர்கின்றன. சம்பளப் பேச்சுவார்த்தையில் சண்டை நடப்பது தொகையைப் பற்றி மட்டுமன்று. முதலாவது பகுதி எவ்வளவு, இரண்டாவது எவ்வளவு என்பதைப் பற்றியும்தான். தொழிலாளர் ‘அடிப்படைச் சம்பளம்’ என்ற சொல்லை விடாமல் பிடித்துக்கொள்வதன் காரணம் இங்கே இருக்கிறது: ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளர் செலுத்தும் 8 வீதமும் தொழில் வழங்குநர் செலுத்தும் 12 வீதமும் எந்தத் தொகையின் மேல் கணிக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தே ஓய்வுக்காலக் கைப்பணம் அமைகிறது.

1,750 ரூபாய் வாழப் போதுமா என்பதற்குச் சி. வி.யின் கவிதையில் விடை இல்லை. அதை அரிசி விலையோடும் மா விலையோடும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கவிதை உதவுவது வேறொரு மாற்றத்தைக் கவனிக்க. இப்போது பல தோட்டங்களில் தேயிலை நிலத் துண்டுகள் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. வேறு பல இடங்களில் கொழுந்து கிலோ கணக்கில் வாங்கப்படுகிறது. ஞாயிறுகளிலும் விடுமுறைகளிலும் ‘கைக்காசு’ என்ற பெயரில் முன்பே இருந்த ஏற்பாடு, வாரநாட்களுக்கும் பரவுகிறது. கூடுதலாக எடுப்பவருக்குக் கையில் கூடுதல் காசு வருகிறது என்பதால் இளையவர்களிடையே இதற்கு ஆதரவும் உண்டு. ஆனால் இந்த ஏற்பாட்டில் பிரட்டு இல்லை, தப்பு இல்லை, அரைப்பேரும் இல்லை. கொழுந்து மடுவத்தில் தராசு இருக்கிறது. அதன் பக்கத்தில் எழுதப்படுவது கிலோ மட்டும்.